லயமும் லாயமும்

"லயம்" என்ற சொல்லைக் கேட்டதும் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குத் தாளம் நினைவுக்கு வரும். ஊவா மாகாணத்து மக்களாகிய நமக்கோ, தகரக் கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தோட்டத்து வீடுகளே நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் "லைன்" என்று அழைத்ததை நம் முன்னோர் லயன் என்றும் லயம் என்றும் தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். அச்சொல்லில் முதலெழுத்துச் சற்றே நீண்டால் லாயம். அது குதிரை கட்டும் இடம். இம்மூன்றுக்கும் ஒலியளவில் அன்றி வேறு உறவு இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டான். அவன் கதையையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். பெயர் வெளிவராமல் வாழ்வது அவன் தொழிலுக்குப் பழகிப்போன ஒன்றுதான்.

அவன் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பிறந்தவன். தந்தையார் தோட்டத் தொழிலாளி. மாசி மாதம் வந்துவிட்டால் காமன் கூத்துக்குத் தப்படிக்கும் கலைஞர். தந்தையின் கைகளில் இருந்த தாளம் மகனின் விரல்களில் இறங்கியிருந்தது. வகுப்பிலே அவன் முன்னால் இருக்கும் மேசைப்பலகை எந்நேரமும் தப்பாக மாறிவிடும். ஒருநாள் நான் புணர்ச்சி விதிகளை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து தாளம் எழுந்தது. இருமுறை எச்சரித்தேன். மூன்றாம் முறை பிரம்பை எடுத்தேன். எந்த விரல்கள் தாளமிட்டனவோ அந்த விரல்களின் மேலேயே அடித்தேன்.

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்ற 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அப்போதே வந்துவிட்டது. சுற்றறிக்கை அலுமாரியில் இருந்தது. பிரம்பு மேசைமேல் இருந்தது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். அன்று வகுப்பறை அமைதியாயிற்று. அவ்வமைதியை ஒழுக்கம் என்று எண்ணி மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

சென்ற தீபாவளிக்கு முதல்நாள் அவன் பலகாரப் பொட்டலத்துடன் என் வீட்டுக்கு வந்தான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்குப் போனவன், பல ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடங்களில் தபேலாவும் டோலக்கும் வாசித்து வருகிறான். பக்திப் பாடல், தொலைக்காட்சி நாடகம், விளம்பரம் என்று நூற்றுக்கணக்கானவற்றில் அவன் கை ஒலித்திருக்கிறது. ஒன்றிலாவது அவன் பெயர் இல்லை.

இத்தொழிலைப் பற்றி நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. பாட்டென்றால் பாடியவரைப் புகழ்வோம். சற்று விவரமறிந்தவர் இசையமைத்தவரையும் சொல்வார். அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து வயலினையும் குழலையும் இசைத்தவர் யாரென்று கேட்பவர் இலர். அக்காலத்துச் சென்னையில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒருங்கே இருந்து பதிவு செய்வது வழக்கம். இசைக்குறிப்பு அன்று காலையில்தான் கைக்கு வரும். ஐம்பது பேர் வாசிக்க, ஒருவர் தவறினால் ஐம்பது பேரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இந்தப் பின்வரிசையில் இருந்து முன்வரிசைக்கு வந்தவர்களும் உண்டு. 1976ஆம் ஆண்டு "அன்னக்கிளி" வெளிவரும்வரை இளையராஜா, ஜி. கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்த ஏ. ஆர். ரகுமான், சிறுவனாகவே பிறர் குழுக்களில் விசைப்பலகை வாசித்துக் குடும்பம் காத்தவர். "ரோஜா" வந்தது 1992இல். நம் நாட்டிலும், நாகர்கோவிலில் பிறந்து இலங்கை வானொலியில் வயலின் வாசித்த ஆர். முத்துசாமி, சிங்களத் திரையிசையில் நிலைத்த இடம் பெற்றார்.

ஆனால் என் மாணவன் விரும்பிச் சொன்ன பெயர் வேறொன்று. கோவாவில் மஜோர்டா என்ற ஊரில் 1927இல் பிறந்த அந்தோனி கொன்சால்வஸ், பம்பாயில் வயலின் வாசித்தும் வாத்தியக் குழுக்களுக்கு இசை வகுத்தும் வாழ்ந்தவர். அவரிடம் பயின்ற பியாரேலால், 1977இல் வந்த "அமர் அக்பர் அந்தோனி" படத்தில் கதாநாயகன் பாடும் பாட்டிலே தம் குருநாதரின் பெயரை வைத்துவிட்டார். இந்தியா முழுவதும் அப்பெயரைப் பாடியது. அப்படி ஒரு மனிதர் உண்மையில் இருந்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

"உனக்கு அதில் வருத்தம் இல்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

"பெயர் வராததில் வருத்தம் இல்லை, சேர். வேலை குறைந்ததில்தான் வருத்தம். பத்துப் பேர் வாசித்ததை இப்போது ஒரு கணினி வாசித்துவிடுகிறது. ஆனால் இந்தத் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. வாசிப்பது பாதி வேலைதான். மற்றவர் வாசிப்பதைக் கேட்பதுதான் மறுபாதி. அதைத்தான் இப்போது குதிரையிடம் பழகிக்கொண்டிருக்கிறேன்."

குதிரை என்றதும் நான் திகைத்தேன். அவனே விளக்கினான். அவனுடைய தாய்மாமன் நுவரெலியாவில் கிறகரி வாவியருகே உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளை வைத்திருக்கிறார். வேலையில்லாத நாட்களில் இவன் அங்கே போய் ஒத்தாசை செய்வான். குதிரையோடு இவர்கள் குடும்பத்துக்குப் பழைய தொடர்பும் உண்டு. இவனுடைய பூட்டனார் ஊவாத் தோட்டமொன்றில் குதிரைக்காரராக இருந்தாராம். அந்நாளில் துரை குதிரைமேல் மலையேறுவார். குதிரைக்காரர் கால்நடையாகப் பின்னால் ஓடுவார். மோட்டார் வண்டி வந்தது. 1924இல் புகையிரதமும் பதுளை வரை வந்து சேர்ந்தது. லாயங்கள் மறைந்தன, லயங்கள் மட்டும் எஞ்சின. அந்தப் பூட்டனாரின் பெயரையும் எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை.

ஒலிப்பதிவின் இடைவேளை ஒன்றில் இவன் ஓர் ஆவணப் படத்தைப் பார்த்திருக்கிறான். 2011இல் வெளிவந்த அப்படம், பக் பிரானமன் என்ற அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளரைப் பற்றியது. 1962இல் பிறந்த பிரானமன், சிறுவயதில் தமையனோடு சேர்ந்து மேடையிலும் தொலைக்காட்சியிலும் கயிற்று வித்தை காட்டியவர். தந்தை இரு பிள்ளைகளையும் கொடுமையாக அடித்து வளர்த்தார். தாய் இறந்தபின் அடி இன்னும் மிகுந்தது. ஒருநாள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர் பையனின் முதுகிலிருந்த தழும்புகளைத் தற்செயலாகக் கண்டார். கண்டும் காணாதவர்போல் இருந்துவிடவில்லை, அதிகாரிகளுக்கு அறிவித்தார். பிள்ளைகள் நல்லதொரு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டனர். அடிபட்ட அப்பிள்ளையே பிற்காலத்தில், அடிக்காமல் குதிரையைப் பழக்கும் வித்தையை ஊர் ஊராகச் சென்று கற்பிப்பவரானார்.

இவ்வித்தையை அவர் ரே ஹண்ட் என்பவரிடம் கற்றார். ஹண்ட், 1910இல் பிறந்த டொம் டொறன்ஸ் என்பவரிடம் கற்றார். அதற்கு முன் மேலை நாட்டு மாட்டுப் பண்ணைகளில் குதிரையைப் பழக்குவதற்கு "உடைத்தல்" என்றே பெயர். கட்டிப்போட்டு, ஏறி அமர்ந்து, அது துள்ளித் துள்ளிச் சோரும்வரை அடக்குவார்கள். டொறன்ஸ் அதை மறுத்தார். குதிரை பிற விலங்குகளுக்கு இரையாகப் பிறந்த உயிர். அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய எத்திசையும் அதற்குத் தெரியும். ஆபத்தென்று தோன்றினால் முதலில் ஓடும், பிறகுதான் சிந்திக்கும். மேலே ஈ அமர்ந்தால்கூட உணர்ந்து தோலைச் சிலிர்க்கும் பிராணிக்குச் சவுக்கு எதற்கு என்பதே அவர் கேள்வி.

முறை மிக எளிது. கயிற்றை மெல்ல இழுக்கவேண்டும். குதிரை அரை அடி நம் பக்கம் சாய்ந்தால், அக்கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுப்பு கேள்வி மட்டுமே, தளர்வுதான் பாடம். தளர்த்தத் தவறினால் குதிரைக்குத் தான் செய்தது சரியா பிழையா என்று விளங்காது. இது செல்லம் கொடுப்பதும் அன்று. கேட்கவேண்டியதை உறுதியோடு கேட்கவேண்டும். ஆனால் கோபத்தோடு கேட்கலாகாது. குதிரையைக் கோபத்தோடு அணுகலாகாதென்று கிரேக்க நாட்டுச் செனபோன், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்.

தைப்பொங்கல் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போய் இதை நேரில் கண்டேன். சிவலை நிற மட்டக்குதிரை ஒன்று. முன்பு வைத்திருந்தவர் காதைத் திருகிக் கடிவாளம் மாட்டுவாராம். அதனால் காதருகே கை வந்தாலே தலையை வெட்டியெறியும். என் மாணவன் தலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அதை நேராகப் பாராமல், பக்கவாட்டில் திரும்பி நின்றான். குதிரை ஒரு காதை அவன் பக்கம் திருப்பியது. அவன் அக்கணமே ஓரடி பின்வாங்கினான். சற்றுப் பொறுத்து மீண்டும் அணுகினான், மீண்டும் பின்வாங்கினான். அரை மணி நேரம் இதுவே நடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. குதிரைக்கும் அவனுக்கும் போகவில்லை. இறுதியில் அதுவே நடந்து வந்து அவன் முழங்கையில் மூக்கை வைத்தது. கயிறு காதைக் கடந்தபோது தலை அசையவில்லை.

"சேர், ஆதி தாளத்தில் தட்டும் இருக்கிறது, வீச்சும் இருக்கிறது. தட்டும்போது ஓசை வரும்; வீசும்போது வராது. வீச்சை விட்டுவிட்டால் தாளமே இல்லை. இதுவும் அப்படித்தான்" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அது உறைத்தது. பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "தம்பி, அன்றொருநாள் உன் விரல்களில் அடித்தேனே, நினைவிருக்கிறதா?"

அவன் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சிறிது நேரம் பேசாதிருந்தான். "இருக்கிறது, சேர். அன்றோடு மேசையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டேன். பாடம் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே என்னால் பதில் சொல்ல இயலவில்லை. "என்மேல் பிழை" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையசைத்தான்.

வெலிமடை வழியாகப் பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் மகாபாரதம் நினைவுக்கு வந்தது. விராடன் அரண்மனையில் பாண்டவர் பெயர் மறைத்து வாழ்ந்தபோது, அருச்சுனன் ஆடலும் பாடலும் கற்பித்தான். நகுலன் குதிரைகளைப் பேணினான். நாடிழந்து பாகுகனாக மறைந்து வாழ்ந்த நளனோ, குதிரையின் உள்ளத்தை அறியும் வித்தையில் வல்லவன். "அசுவ இருதயம்" என்று அவ்வித்தைக்குப் பெயர். குதிரையின் வாயையும் முதுகையும் சொல்லாமல் இருதயத்தைச் சொன்னார்கள் நம் பெரியோர். கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பெயரின் பொருளை இவ்வளவு காலமும் கவனித்தேனில்லை. என் ஆசிரியத் தொழிலில் தட்டு இருந்தது, வீச்சு இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். தொலைவிலுள்ள லயத்திலிருந்து நடந்து வருபவள். வினாக் கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறவாள். முன்பெல்லாம் அவள் மேசையருகே போய் நின்று, "சொல், சொல்" என்று நெருக்குவேன். இப்போது வினாவைக் கேட்டுவிட்டு, சன்னலருகே சென்று நமுனுக்குலை மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள் விடை வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மிக மெல்லிய குரலில் வந்தது. விடையில் பாதி பிழை. நான் திரும்பி, சரியான பாதியை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பாடத்துக்கு அமர மறுக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். "அடியாத மாடு படியாது" என்று அயலவர் யாரேனும் அறிவுரை சொல்லவுங்கூடும். அடிபட்ட மாடு படிந்ததா, அல்லது பயந்ததா என்று அவரைக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டால், மாட்டின் காதைக் கவனித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.