டாங்கியை விற்றுப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள்

"உலகத் தரமான மழலையர் கல்வி" என்று இன்று சென்னையில் திரும்பிய பக்கமெல்லாம் பேச்சாக இருக்கிறது. அண்ணா நகரிலும் அடையாற்றிலும் விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. மாண்டிசோரி முறையாம், ரெஜ்ஜோ முறையாம், பின்லாந்து முறையாம்! பெரிய ஹோட்டல்களில் மகாநாடு கூட்டி, வெளிநாடுகளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள்.

நல்லது, கற்றுக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதற்காக ஒன்றை வெறுப்பவர்கள் அல்ல நாம். சர்வதேசியம் நமக்குப் புதிதுமல்ல. ஆனால் அந்த முறைகள் யாருடைய குழந்தைகளுக்காக, எந்தப் பேட்டையில், யாருடைய முயற்சியில் பிறந்தன என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வோம். கனவான்கள் அதை மட்டும் சொல்வதில்லை.

மாண்டிசோரி அம்மையார் தமது முதல் "குழந்தைகள் இல்ல"த்தை 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்ஸோ பேட்டையில் திறந்தார். அது ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த கூலிக்காரர்களின் பேட்டை. பேசின் பிரிட்ஜ் யார்டு ஓரத்தில் வாழும் ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் மாடிப்படியையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்று வீட்டுக் கம்பெனி கவலைப்பட்டது. (கவலை சுவரைப் பற்றியது; பிள்ளையைப் பற்றியதல்ல.) அதனால்தான் அங்கே ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்த அறையில்தான், அந்தப் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்துத்தான் அம்மையார் தமது முறையைக் கண்டார்.

அவர் 1939இல் நம் சென்னைக்கே வந்தார். அடையாறு தியசாபிகல் சங்கத்தில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடானதும் வெள்ளைக்கார சர்க்கார் அவரை நடமாட விடாமல் வைத்தது. பின்னர் கோடைக்கானலில் சில காலம் வாழ்ந்தார். அடையாற்றுக்கும் புளியந்தோப்புக்கும் சில மைல்தான் தூரம். அதே தியசாபிகல் சங்கத்தைச் சேர்ந்த பி. பி. வாடியா 1918இல் அந்தத் தூரத்தைக் கடந்து வந்து பின்னி மில் தொழிலாளர்களோடு நின்றார். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மாண்டிசோரி முறைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ரயில் பேட்டையில் பிறந்த முறை சென்னையில் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையாக முடிந்தது.

ரெஜ்ஜோ எமிலியாவின் கதை இன்னும் சுவையானது. 1945 ஏப்ரலில் வட இத்தாலி பாசிசத்திலிருந்து விடுதலை பெற்றது. சில நாட்களுக்குள் வில்லா செல்லா என்ற கிராமத்து ஜனங்கள் கூடினார்கள். ஓடிப்போன ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கியையும், சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றுக் காசாக்கினார்கள். அந்தக் காசை என்ன செய்வது? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று முடிவாயிற்று. விழுந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி, ஆற்று மணலைச் சுமந்து, ஆணும் பெண்ணும் கட்டினார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் வந்து பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி ஆயுள் முழுவதும் அந்த வேலையிலேயே தங்கிவிட்டார். மாதர் சங்கம் விடாமல் போராடியது. கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய நகரசபை 1963இல் தனது முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். சித்திரத்துக்கும் களிமண்ணுக்கும் தனி அறை. நிர்வாகத்தில் பெற்றோருக்குப் பங்கு. சமையல்காரரும் ஆசிரியரோடு சமமாக உட்காரும் கூட்டம். 1991இல் அமெரிக்காவின் 'நியூஸ்வீக்' பத்திரிகையே அந்நகரின் டயானா பள்ளியை உலகில் தலைசிறந்ததென்று எழுதிற்று.

அந்தப் பெயரை வைத்துத்தான் நம் நகரில் கட்டணம் வசூலிக்கிறார்கள். நகரசபையையும் மாதர் சங்கத்தையும் டாங்கியையும் கழித்துவிட்டு, மர மேஜையையும் வண்ணப் பென்சிலையும் மட்டும் இறக்குமதி செய்துவிட்டார்கள்!

சோவியத் புரட்சி நடந்த 1917இன் இறுதியிலேயே, பசியும் யுத்தமும் சூழ்ந்திருந்த நிலையில், பள்ளிக்கு முந்திய கல்விக்கென்று ஓர் இலாகா ஏற்பட்டது. கியூபா 1961இல் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகங்களைத் தொடங்கியது. பின்லாந்து முதலாளித்துவ நாடுதான். அங்கேயும் 1973இல் குழந்தைப் பராமரிப்புக்குச் சட்டம் வந்தது. ஏழு வயதில்தான் முறையான பள்ளி. அதுவரை விளையாட்டு. விளையாட வைப்பவரோ பட்டம் பெற்ற ஆசிரியர். அவருக்குச் சம்பளம் உண்டு, "மதிப்பூதியம்" அல்ல.

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். அங்கன்வாடி என்ற சொல்லையே தந்தவர் தாராபாய் மோடக். பள்ளிக்கு வராத ஆதிவாசிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அவர் 1945இல் வேலை தொடங்கிய போர்டி, மகாராஷ்டிரத்தின் டஹானு வட்டாரத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் தோழர் கோதாவரி பருலேகர் வார்லி மக்களைக் கொத்தடிமைக்கு எதிராகத் திரட்டிய பகுதி அது.

இனி நம் சர்க்கார்களின் கதைக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 45ஆவது விதி, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அதில் அடக்கம். 2002இல் 86ஆவது திருத்தம் கொண்டுவந்து, கல்வி அடிப்படை உரிமை என்று தம்பட்டம் அடித்தார்கள். உரிமையோ ஆறு முதல் பதினான்கு வரைக்குத்தான். ஆறுக்குக் கீழே இருப்பவருக்கு "சர்க்கார் முயலும்" என்ற வெறும் வாக்கு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலும் இந்த வயதுக்குக் கடமை இல்லை. சர்க்கார் ஏற்பாடு செய்யலாம் என்பதோடு சரி.

அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி.யில் ஏழைக் குழந்தை சேர்ந்தால் பொதுப் பணத்திலிருந்து கட்டணம் போகிறது. சர்க்கார் பள்ளி வளாகங்களிலோ, 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, 2022 ஜூனில் மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு பின்வாங்கி, தற்காலிக ஆசிரியைகளைத் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். தனியாருக்குக் கட்டணம் நிச்சயம். தன் சொந்த வகுப்புக்கு ஆயுள் நிச்சயமில்லை. இது என்ன நியாயம்?

1975 அக்டோபர் 2ஆம் தேதி பிறந்த அங்கன்வாடித் திட்டத்தை நாம் இகழவில்லை. ஏழைத் தாய்க்கு இருப்பது அது ஒன்றுதான். நாம் எதிர்ப்பது அதை நடத்தும் முறையை. ஒரு ஊழியர், ஒரு உதவியாளர். சத்துணவு, எடை பார்த்தல், கணக்குப் பதிவேடு, தேர்தல் வேலை, கைபேசியில் போஷன் டிராக்கர், இப்போது முகம் பிடித்துப் பதிவு. இத்தனைக்கும் நடுவே பாட்டும் கதையும். 2018இல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. இவர்கள் தொழிலாளர் என்று ஏற்க வேண்டும் என 2013இல் இந்தியத் தொழிலாளர் மகாநாடு சிபாரிசு செய்தது. கிராஜுவிடி உண்டென்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. புதிய கல்விக் கொள்கையோ இவர்களுக்கு டெலிவிஷன் வழியாகவும் கைபேசி வழியாகவும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையான பயிற்சி என்கிறது. பின்லாந்தை மேற்கோள் காட்டுகிறவர்களின் லட்சணம் இது!

பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஷிப்டு உண்டு. காசிமேட்டுக்கு மீன் வேலைக்குப் போகிறவள் இருட்டிலேயே கிளம்புகிறாள். அங்கன்வாடி அதற்குப் பின் திறந்து, அவள் திரும்புமுன் பூட்டிவிடுகிறது. மிச்ச நேரம் குழந்தை யாரிடம்? அக்காளிடம். அக்காளின் படிப்பும் அங்கேயே நிற்கிறது. 1948ஆம் ஆண்டு பாக்டரி சட்டத்திலேயே குழந்தைக் காப்பகம் இருந்தது. 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ஐம்பது தொழிலாளி என்று கணக்கு வைக்கிறது. 1996இல் பின்னி மில்லின் கதவு மூடியது. இன்றைய காண்டிராக்டருக்கு ஐம்பதை இரண்டு இருபத்தைந்தாக எழுதத் தெரியாதா? கால்வாய்க் கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்துக் கொண்டுபோனபோது, குழந்தையைப் பார்த்துக்கொண்ட பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரியும் கூடவே பெயர்ந்துவிட்டார்களா என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் தாயை நாம் குறை சொல்லமாட்டோம். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து ஏ, பி, சி எழுத வைப்பது தரம் என்று அவளை நம்ப வைத்தவர்களைத்தான் கேட்கிறோம்: உங்கள் பின்லாந்தில் இப்படிச் செய்கிறார்களா?

பணமில்லை என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. அன்று பணமில்லை என்று யாரும் அழவில்லை.

நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருக்கும் குடிசைப் பகுதி கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று 2006 டிசம்பர் 13ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மூலக்கொத்தளத்திலும் கொருக்குப்பேட்டையிலும் கால்வாய் ஓரத் தெருக்களிலும் மாதர் சங்கத் தோழர்கள் வீடு வீடாகப் போகட்டும். குழந்தையின் பெயர், வயது, தாய் வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். மனுவைக் குழந்தை வளர்ச்சித் திட்ட அதிகாரியிடம் நேரில் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்குங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து ஓடும்.