பங்கு யாருடையது?



“சுவாமி, இது எங்கள் பங்கு. நேற்று வந்தவர்களுக்கு இங்கே என்ன உரிமை?” என்று கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐந்தாண்டுகள் இந்நகரில் வாழ்ந்தவர்களே பங்குப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றொரு தீர்மானமும் என் மேசைக்கு வந்துள்ளது. இரண்டுக்கும் இங்கே மறுமொழி கூறுகிறேன்.

தமிழில் ‘பங்கு’ என்றால் பாகம். பாகம் என்றதும் நமக்கு வேலியும் வழக்கும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நாம் வாழும் ஐரோப்பாவின் மொழிகளைக் கேளுங்கள். பிரெஞ்சில் ‘பருவாஸ்’, ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’, இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் ‘பர்ரோக்கியா’. இவை அனைத்தும் இலத்தீன் வழியாக ‘பரோய்க்கியா’ என்ற ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. ‘பரா’ என்றால் அருகே. ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு. பிறர் ஊரில், குடியுரிமையின்றி, அயலானாகத் தங்கி வாழ்பவனே ‘பரோய்க்கோஸ்’. அவனது தங்கல் வாழ்வே ‘பரோய்க்கியா’.

சாராவைப் புதைக்க ஒரு துண்டு நிலம் கேட்டு இத்தியர் முன் நின்ற ஆபிரகாம், கிரேக்க விவிலியத்தில் தன்னை இச்சொல்லால்தான் குறிப்பிடுகிறார். பேதுருவின் முதல் திருமுகம் கிறிஸ்தவர்களை இவ்வாறே அழைக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட கிளமெந்தின் திருமுகமும், இரு நகரங்களின் திருச்சபைகளையும் அங்கே அயலாராகத் தங்கியிருப்பவை என்றே விளிக்கிறது. இன்றும் கிரேக்கர்கள், வெளிநாடுகளில் வாழும் தம் மக்களின் சமூகத்தைப் ‘பரிக்கியா’ என்கிறார்கள். புலம்பெயர்ந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறுண்டோ?

பின்னர் எல்லைகள் வரையப்பட்டன. அயலான் உரிமையாளன் ஆனான். அதே வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லான ‘பரோக்கியல்’ இன்று குறுகிய மனத்தையும் குறிக்கிறது. போர்த்துக்கேயத்தில் பங்குமகனைக் குறிக்கும் ‘ஃப்ரெகேஸ்’, ‘திருச்சபையின் மகன்’ என்ற இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. இன்று கடைக்கு வரும் வாடிக்கையாளனுக்கும் அதே பெயர். பொருள் இழந்தவை சொற்கள் மட்டுமா?

“ஒழுங்கு வேண்டாமா?” என்பீர்கள். வேண்டும். மூத்தோர் குளிரில் உழைத்துச் சேர்த்த காசில் இந்தச் சமூகம் எழுந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 515, பங்கை முதலில் நம்பிக்கையாளரின் ஒரு சமூகம் என்றே வரையறுக்கிறது. அங்கே முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற பிரிவு இல்லை.

ஒருகாலத்தில் நம் கையிலும் தாள்கள் இருக்கவில்லை. அன்று எவரோ நமக்குக் கதவைத் திறந்தார்கள்.

ஆகவே அத்தீர்மானத்தில் நான் கையொப்பமிட மாட்டேன். அந்தப் பெரியவரை அன்புடன் கேட்கிறேன்: ஐயா, வரும் ஞாயிறு புதிதாக வந்த குடும்பத்தின் அருகே அமருங்கள். அருகே இருப்பதுதான் அச்சொல்லின் முதற்பொருள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை