படியேறும் வலிமை

திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகனைப் படியேறித் தரிசிக்கக் காலில் வலுவேண்டும். திருவண்ணாமலையில் கிரிவலம் வர 14 கிலோமீட்டர் நடக்கவேண்டும். நம் பிரம்மதேசத்துச் சோழர் காலச் சிவாலயத்தை வலம் வந்து, தரையில் விழுந்து வணங்கி எழுவதற்கும் இடுப்பும் முழங்காலும் ஒத்துழைக்கவேண்டும். ஆயினும் அறுபதைக் கடந்தவர்கள் பலர், "இனிக் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று ஒதுங்கிவிடுகின்றனர்.

இதற்கு வயது மட்டுமே காரணமன்று. உழைக்காத தசை தளரும். தளர்ந்த தசை மூட்டைத் தாங்காது. மூட்டு வலிக்கிறதென்று அமர்ந்துவிட்டால் தசை மேலும் தளரும். பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 65 வயதைக் கடந்தோர் விழாமல் நிற்க உதவும் சமநிலைப் பயிற்சியையும் செய்யவேண்டும் என்கிறது.

இது தெரிந்தும் நாம் ஏன் தயங்குகிறோம்? 'ஜிம்' என்றதும் கண்ணாடிச் சுவரும் கட்டுடல் இளைஞர்களும் நினைவுக்கு வருகின்றனர். சேலை உடுத்திய மூதாட்டி அங்கே நுழையக் கூசுகிறார். கட்டணத்தைவிடப் பெரிய தடை இக்கூச்சமே.

கூச்சமின்றி நுழையத்தக்க இடங்கள் நம்மிடையே உள்ளன. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் முதலியன அடங்கும். கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு விரிப்புப் போதும். தமிழகத்தின் பல ஊர்களிலுள்ள மனவளக்கலை மன்றங்களில் இதனைக் கற்பிக்கின்றனர். நடக்க விரும்புவோருக்கு, 2023 நவம்பர் 4-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு.

வங்கிப் பணிக்காலத்தில் ஓர் உண்மையைக் கவனித்திருக்கிறேன். சிறுசேமிப்பில் தவறாது பணம் கட்டியவர்கள் பலரும், வாசலுக்கு வந்து நினைவூட்ட ஒருவரைப் பெற்றிருந்தவர்களே. பயிற்சிக்கும் அது பொருந்தும். வீட்டில் தனியே தொடங்கிய பயிற்சி பத்தாம் நாள் நின்றுபோகும். "நேற்று ஏன் வரவில்லை?" என்று அன்போடு கேட்க நால்வர் இருந்தால் நிற்காது. துணையை இழந்து தனித்து வாழும் முதியோருக்கு அக்கேள்வியே பாதி மருந்து.

சேருமுன் சில எச்சரிக்கைகள். இதயநோய், இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் சென்று பார்வையாளராக அமர்ந்து பாருங்கள். பயிற்றுநர் உங்கள் வயதையும் வலியையும் விசாரிக்கிறாரா? பெண்களுக்கென நேரம் ஒதுக்கியுள்ளனரா? ஆண்டுக் கட்டணத்தை முதல் நாளே செலுத்தவேண்டாம். ஒரு மாதம் கட்டிப் பார்த்துத் தொடருங்கள்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரைச் சேர்த்துவிட்டதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். முதல் வாரம் அருகில் விரிப்பிட்டு நீங்களும் செய்யுங்கள். அவர்களுடைய கூச்சம் அதிலேயே அகன்றுவிடும்.