மாணவர் காப்பீடு: ரசீது போதாது, சான்று வேண்டும்

கல்லூரிச் சேர்க்கையன்று கொடுத்த ரசீதை எடுத்துப் பாருங்கள். பஸ், விடுதி, நூலகம் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘காப்பீடு’ என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கம்பெனி, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்காது.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மதுரையில் ஆஸ்பத்திரி கவுண்டரில் பாலிசி நம்பர் கேட்டார்கள். கல்லூரிக்குப் போன் போட்டால், “ஏஜென்டிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்று பதில். அவர்கள் கேட்டுச் சொல்வதற்குள் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போய்விட்டது. மானத்தைப் பார்த்து மல்லியும் மிளகாயும் போடுகிற வீட்டில் அடகு வைக்க வேறென்ன இருக்கும்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பெற்றோர்களாகிய எங்கள் நிலைப்பாடு இதுதான்: காப்பீட்டுக்கென்று பணம் வாங்கும் கல்லூரி, மாணவர் பெயரில் காப்பீட்டுச் சான்றையும் தமிழில் விவரத் தாளையும் சேர்க்கையின்போதே கையில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது.

காப்பீடு ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். பாலிசியை ஒழுங்குபடுத்துவது ஐதராபாத்திலுள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்தான். ஆனால், நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ரசீதின் அந்த ஒரு வரியைக் கேள்வி கேட்க மாநில அரசுக்கு அதுவே போதும்.

ஆணையத்துக்கும் ஒரு கோரிக்கை. 2020இல் கொரோனா கவச் என்ற மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி வந்தபோது மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதம் என்று காலம் வகுத்து, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பெயர், ஒரே நிபந்தனை என்று ஆக்கினார்கள். குறுகிய காலப் பாலிசியையும் சாதாரண ஆள் புரிந்துகொள்ளும்படி செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மாணவர் பாலிசிக்கும் அப்படியொரு பொது வடிவம் வேண்டும். கோடை விடுமுறையும் வெளியூர்ப் பயிற்சியும் அதில் விட்டுப்போகக் கூடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கும். படிக்கிற பிள்ளையும் அதில் சேர்த்திதான். இதைக் கல்லூரிகள் சேர்க்கையின்போதே சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி அட்டை எடுக்காத வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

கம்பெனி பணம் தர மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. ஆனால் கையில் பாலிசி நம்பரே இல்லாதவர் எதை எழுதி மனுக் கொடுப்பார்?

அடுத்த சேர்க்கைக்கு முன் அரசாணை வர வேண்டும். ‘காப்பீடு’ என்ற வரியுள்ள ரசீது வைத்திருப்பவர்கள் அதன் நகலைத் தாருங்கள். விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறோம்.