மலைப் பாதையில் துணை எது?

புது தில்லி: இமயமலையில் தனியாக நடப்போருக்குத் தடை விதிக்க வேண்டும் என்ற குரல், யாரேனும் காணாமல் போகும்போதெல்லாம் எழுகிறது. ஹிமாசலப் பிரதேசத்தின் பார்வதி பள்ளத்தாக்கில் 1990-களிலிருந்தே வெளிநாட்டுப் பயணிகள் பலர் மாயமாகியிருப்பதால், அக் கோரிக்கை நியாயமாகவும் தோன்றுகிறது. நேபாளமோ 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டினர் வழிகாட்டியின்றி மலைநடை செல்லக் கூடாது என்று விதி செய்தது. (எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சியே அதை ஏற்கவில்லை என்பது வேறு கதை.)

ஆனால், அண்மை ஆண்டுகளின் பெரும் துயரங்கள் தனிநபர்களுக்கு நேர்ந்தவை அல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்கள் குழுவாகச் சென்றவர்களே. 20-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். 2024 ஜூனில் உத்தரகண்டின் சஹஸ்ர தால் பாதையில், கர்நாடகத்தினர் பெரும்பான்மையாக இருந்த 22 பேர் குழு மோசமான வானிலையில் சிக்கியது. உள்ளூர் வழிகாட்டிகளும் உடன் இருந்தனர். எனினும் 9 பேர் உயிருடன் திரும்பவில்லை.

விடுப்பும் ரயில் பயணச்சீட்டும் உறுதியான பிறகு, வானம் கறுக்கும் வேளையில் "திரும்பிவிடலாம்" என்று சொல்லும் துணிவு குழுவில் எளிதில் எவருக்கும் வருவதில்லை. மெதுவாக நடப்பவர் வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டுகிறார். தலைவலி, குமட்டல் என உயர்மலை நோய் தலைகாட்டினாலும் மறைக்கிறார். தனியே செல்பவருக்கு இந்தக் கூச்சம் கிடையாது. நினைத்த இடத்தில் நிற்கலாம், திரும்பலாம். அந்தச் சுதந்திரமே அவரை மலைக்கு இழுக்கிறது. கணுக்கால் பிசகினால் செய்தி சொல்ல ஆளில்லை என்பதுதான் அவருக்குள்ள பேராபத்து.

அதற்குப் பல நாடுகளில் விடை உண்டு: செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கையடக்கக் கருவி. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டினர் விமான நிலையங்களில் பிடிபட்டதுண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு அமைப்புகள் காட்டும் எச்சரிக்கையைக் குறை கூற முடியாது. ஆயினும், வனப் பாதை அனுமதி மாநிலங்களிடமும் தொலைத்தொடர்பு மத்திய அரசிடமும் இருப்பது, பொறுப்பை இரு தரப்பும் மாற்றி மாற்றித் தள்ளிவிட வசதியான ஏற்பாடு.

பாதையின் நுழைவிடத்திலேயே அரசு இக் கருவியை வாடகைக்குத் தந்து, திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். திரும்ப வேண்டிய நாள் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்நாள் தவறினால் உடனே தேடுதல் தொடங்க வேண்டும். குழுக்களுக்கும் இதே விதி பொருந்தட்டும். கூடவே, வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்தும் அதிகாரத்தை வழிகாட்டிக்கு எழுத்து மூலம் அளிக்க வேண்டும். பணம் கட்டியவர்கள் முணுமுணுத்தாலும் சரி.