பட்டை கூட்டினால் பாரம் தாங்குமா?

அறுவடை மும்முரமாகும் மாதங்களில் ஸ்பிரிங் பட்டறைகளின் வாசலில் சிறு லோடு வண்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். "பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டு விடுங்க" என்பதே அங்கு கேட்கும் பேச்சு. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் படுத்துவிடுகிறது. பட்டை கூட்டினால் நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும், இனி இன்னும் பத்து மூட்டை ஏற்றலாம் என்று நம் விவசாயிகள் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு தவறானது, ஆபத்தானது என்பது என் கருத்து.

'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது அதன் பாரம் முக்கால் டன். 40 கிலோ நெல் மூட்டையில் 18 மூட்டை ஏற்றினால் 720 கிலோ ஆகிவிடும். ஆனால் கொள்முதல் நிலையத்துக்கு 30 மூட்டையுடன் வரும் குட்டி யானைகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அது 1,200 கிலோ. மூட்டைகளின் மேல் இரண்டு ஆட்கள் வேறு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பிரிங் பட்டை செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். பாரம் வந்தால் எவ்வளவு அமுங்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரே கனமுள்ள ஐந்து பட்டைகளுடன் ஆறாவது ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனமான பட்டையானால் கணக்கே வேறு. கனத்தில் கால் பங்கு கூடினாலே அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆனால் ஆக்சில் அதே ஆக்சில். பேரிங், டயர், பிரேக் டிரம், சேஸிஸ் எல்லாம் கம்பெனி முக்கால் டன்னுக்கோ ஒன்றேகால் டன்னுக்கோ கணக்குப் போட்டு வைத்தவைதான். முன்பு பட்டை அமுங்கி, "போதும், இறக்கு" என்று நமக்குக் காட்டிக் கொடுத்தது. இப்போது அந்த அடையாளமும் போய்விடுகிறது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; இதைப் பட்டறைக்காரர்களிலும் பலர் சொல்வதில்லை. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு சிறு கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வுடன் இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி குறைத்து அனுப்பும். அதற்குத் தெரிவது உயரம் ஒன்றுதான். நாம் பட்டையைக் கூட்டி வண்டியை நிமிர்த்திவிட்டால், பாரத்தோடு போகும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக்கின் வேலை குறைந்து முன் பிரேக்கின் தலையில் எல்லாம் விழும். கொடைக்கானலிலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ காய்கறியோடு இறங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி இழுத்துவிட்டது என்று மெச்சிக்கொள்கிறோம். இறக்கத்தில் லைனிங் சூடேறி மிதி இறங்கும்போதுதான் கணக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இன்னொன்று, பின்னால் நீட்டி ஏற்றுவது. மூங்கில், சவுக்குக் கழி, கரும்பு ஏற்றுபவர்களும், மருந்து தெளிக்கும் தொட்டி வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.1 மீட்டர் உள்ள ஒரு சிறு வண்டியில், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ அழுத்துவதாகக் கொள்வோம். பின் ஆக்சில் 148 கிலோ சுமக்கும். முன் சக்கரத்திலிருந்து 48 கிலோ குறைந்துவிடும். ஏற்றக்கோல் கணக்குத்தான். ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுபவர் சொன்னால் காரணம் இதுவே. எத்தனை பட்டை சேர்த்தாலும் முன்பக்கம் இழந்த எடை திரும்பி வராது. கனமான சரக்கை பின் ஆக்சிலுக்கு முன்னால் தள்ளி வைப்பது ஒன்றே வழி.

நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். பழைய வண்டி ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு பட்டை ஏற்றினேன். பாரத்தோடு நன்றாகத்தான் போயிற்று. பாரம் குறைவான நாட்களில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளியது. பாதிப் பாரம் தக்காளி ஏற்றி மார்க்கெட் போய்ச் சேர்ந்தால், அடிப்பெட்டிப் பழமெல்லாம் நசுங்கிச் சாறு வடிந்தது. நசுங்கிய பழத்துக்கு மண்டியில் என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டே பட்டை மாட்டும் பிராக்கெட் சேஸிஸில் சேரும் இடத்தில் விரிசல் கண்டு, வெல்டிங்குக்கு இரண்டு முறை அலைந்தேன். மூட்டைக்கு மூட்டை மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போயிற்று.

அபராதமும் சிறிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

குற்றம் வண்டிக்காரரை மட்டும் சேர்ந்ததல்ல. வாடகை பேசும்போது 'நடைக்கு இவ்வளவு' என்று பேசிவிட்டு, தோட்டத்துக்கு வண்டி வந்ததும் இன்னும் ஐந்து பெட்டி, இன்னும் ஐந்து பெட்டி என்று ஏற்றுவது நாம்தான். மறுக்கும் ஓட்டுநரை மறுநாள் கூப்பிடுவதில்லை. வாகனக் கடன் தவணை கட்ட வேண்டிய அவர் என்ன செய்வார்? பட்டறைக்குப் போகிறார். வாடகையை எடைக்கு இவ்வளவு என்று பேசும் வழக்கம் வந்தாலே பாதிப் பட்டைகள் தேவைப்படா. அடுத்த தோட்டத்துக்காரருடன் சேர்ந்து பெரிய வண்டி ஒன்று பிடிப்பதும் பல சமயம் மலிவாகவே முடியும்.

பட்டையே கூட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆர்.சி.யில் மொத்த எடை என்றும் வெறும் வண்டி எடை என்றும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, ஓட்டுநருக்கும் உடன் வருபவருக்கும் 130 கிலோ தள்ளினால் மிஞ்சுவதே நாம் ஏற்றக்கூடிய சரக்கு. அந்த அளவுக்குள் ஏற்றியும் வண்டி பின்னால் படுத்து, முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது என்றால் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது பழைய பட்டையில் முறிவோ, வளைவு போனதோ உண்டா என்பதையே. நெருப்பில் காய்ச்சி வளைவு ஏற்றிய பட்டை சரியாகப் பதம் ஏறாவிட்டால் விரைவில் மீண்டும் படுத்துவிடும். கம்பெனி அளவிலேயே புதுசெட் வாங்கிவிடலாம்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிக்கப் வண்டிகளின் பட்டைக்குத் துணையாகக் காற்றுப் பைகளை வைக்கிறார்கள். பாரம் ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் குறைத்துக்கொள்வது அதன் வசதி. அதைச் செய்து விற்பவர்களும், இதனால் வண்டியின் மொத்த எடை வரம்பு கூடாது என்று அச்சிட்டே கொடுக்கின்றனர். நம் பட்டறையில் அப்படிச் சொல்பவர் அரிது.

துணைப் பட்டை போடத்தான் வேண்டும் என்றால் இரு பக்கமும் ஒரே அளவாகப் போடச் சொல்லுங்கள். பழைய யூ போல்ட்டையே இழுத்து மாட்ட விடாதீர்கள். பட்டை கூடினால் நீளமான போல்ட் வேண்டும். வால்வு உள்ள வண்டியானால் புது உயரத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்யக் கம்பெனி சர்வீஸில் காட்டுங்கள். முதல் நாலைந்து நடை பாரம் ஓடியதும் பட்டைகள் படிந்து யூ போல்ட் நட்டுகள் தளரும். அவற்றை மறுபடி முறுக்கிவிட்டே அடுத்த நடைக்கு வண்டியை எடுங்கள்.