வீட்டு விஞ்ஞானம்: குழாயில் வெள்ளை உப்பா? ஆசிட் பாட்டிலை ஓரம்கட்டுங்கள்... பூஞ்சை தரும் புளிப்பு போதும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் ஹவுஸ் ஓனருக்கு அடுத்தபடியாக அனுசரித்துப்போக வேண்டியது போர் தண்ணீரோடுதான். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க போர் தண்ணீர். பல தெருக்களில் இதுதான் கணக்கு. சில மாதங்களிலேயே பளபளத்த குழாயில் வெள்ளைத் திட்டு விழுகிறது. ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றன. பக்கெட்டின் உள்ளே மாவு பூசியதுபோல ஒரு படலம். கெட்டிலின் அடியில் வெள்ளைச் செதில்.

சோப்பு நீரில் தேய்த்தால் போகாது. கடைசியில் கை நீள்வது, ஃபினாயில், பிளீச்சிங் பவுடரோடு தெருவில் சைக்கிளில் வரும் ஆசிட் பாட்டிலை நோக்கித்தான். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி, கண் எரிச்சல், இருமல். அதைப் பெரும்பாலும் அனுபவிப்பவர், ஜன்னல்கூட சரியாக இல்லாத பாத்ரூமில் குத்தவைத்துத் தேய்க்கும் அம்மாவோ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவோதான்.

இதற்கு ஒரு மாற்று, மளிகைக் கடையில் சின்ன பாக்கெட்டில் கிடைக்கிறது. பெயர் சிட்ரிக் ஆசிட். சில கடைகளில் எலுமிச்சை உப்பு என்பார்கள். பால் திரித்து பன்னீர் எடுக்கப் பயன்படுத்துவோமே, அதே வெள்ளைத் தூள்தான்.

எலுமிச்சையில் இல்லை, பூஞ்சையில்!

எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே. ஆண்டு 1784. அதன்பின் வெகுகாலம் இந்த அமிலத்துக்கு உலகம் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களையே நம்பியிருந்தது.

1917-ல் நிலைமை மாறியது. ஜேம்ஸ் கர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, 'ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்' என்ற கருப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தால் அது ஏராளமாக சிட்ரிக் அமிலத்தைச் சுரக்கிறது என்று காட்டினார். இந்தப் பூஞ்சை நமக்குப் புதிதல்ல. பெரிய வெங்காயத்தை உரிக்கும்போது தோலில் கரி பூசியதுபோல ஒட்டியிருக்கும் கருப்புப் பொடி பெரும்பாலும் இதுதான். (அதைக் கழுவி நீக்கிவிடுங்கள். தொழிற்சாலைகள் பயன்படுத்துவது இதே இனத்தில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகைகளை.)

கர்ரியின் வழியைப் பின்பற்றி சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸோ, மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த குளுக்கோஸோ போதும், எலுமிச்சை தேவையில்லை. இன்று உலகச் சந்தையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் அநேகமாக முழுவதும் இப்படி நொதித்தல் முறையில் வருவதுதான். இட்லி மாவு புளிப்பதற்கும் தயிர் உறைவதற்கும் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

இந்த நொதித்தல் தொழிலில் கிடைத்த அனுபவம்தான், பெரிய தொட்டிகளில் பெனிசிலின் பூஞ்சையை வளர்த்து, 1944-ல் அந்த உயிர்காக்கும் மருந்தைப் பெருமளவில் தயாரிக்கவும் ஃபைசருக்குக் கைகொடுத்தது.

வெள்ளைத் திட்டு எப்படிக் கரைகிறது?

உப்புத் தண்ணீர் என்று நாம் சொன்னாலும், குழாயில் படிவது சமையல் உப்பு அல்ல. நிலத்தடி நீர் பாறைகளிலிருந்து கரைத்துக்கொண்டு வரும் கால்சியமும் மெக்னீசியமும்தான் 'கடினத்தன்மை'. குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். போர் தண்ணீரில் இந்த அளவு தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் மாறும். தண்ணீர் சூடாகும்போதும் காயும்போதும் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான்.

சிட்ரிக் அமிலம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கார்பனேட்டை உடைக்கிறது; அப்போது வருவதுதான் அந்தச் சின்னச் சின்ன நுரை. இரண்டு, விடுபட்ட கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆசிட்போல நெடி அடிக்காது.

எப்படிப் பயன்படுத்துவது?

* குழாய்: 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 டேபிள்ஸ்பூன் (சுமார் 30 கிராம்) தூளைக் கரையுங்கள். பழைய துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, அரை மணி நேரம் விடுங்கள். தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

* ஷவர்: அதே கரைசலை பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கழற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டால் அடைப்பு வெளியேறும்.

* கெட்டில்: பாதி அளவு தண்ணீரைக் கொதிக்கவைத்து அணைத்த பிறகு 1 டேபிள்ஸ்பூன் சேருங்கள். நுரைக்கும், அதனால் முழுதாக நிரப்ப வேண்டாம். 20 நிமிடம் கழித்துக் கொட்டி, அலசி, ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

* கீஸர்: நீங்களே திறக்காதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

எங்கே தொடக்கூடாது?

சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும் பொருள், சுண்ணாம்புக் கல்லையும் கரைக்கும். பழைய வீடுகளின் கிச்சன் மேடையிலும் அலமாரியிலும் இருக்கும் கடப்பா கல், சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. மார்பிளும் அப்படியே. மொசைக் தரையில் பதித்த சில்லுகளும் சிமென்ட்டும்கூடத் தப்பாது. இவற்றின்மேல் எலுமிச்சைச் சாறு சிந்தினாலே பளபளப்பு போய் வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டில் நீண்ட நேரம் ஊறவிட வேண்டாம். அலுமினியப் பாத்திரத்துக்கும் இது ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம்: சிட்ரிக் அமிலம், வினிகர், ஆசிட் எதையும் பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கலந்துவிட்டால், உடனே வெளியே வந்து கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள்.

இந்தத் தூள் பார்க்க சர்க்கரைபோலவே இருக்கும். பெயர் எழுதாத டப்பாவில் போட்டு சமையலறையில் வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

வினிகர் + சோடா மாவு: நுரைதான் மிச்சம்!

வினிகரும் நொதித்தலில் பிறப்பதுதான். சர்க்கரை முதலில் மதுவாகி, பிறகு பாக்டீரியாவால் அசிட்டிக் அமிலமாகிறது. கடையில் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். நொதிக்கவைக்காமல் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது என்றால் 'சிந்தெடிக்' என்று போட்டிருக்க வேண்டும். துடைக்க இரண்டுமே உதவும்.

ஆனால், வீடியோக்களில் வினிகரையும் சோடா மாவையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே? ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்து முடித்துவிடும். நுரை அடங்கியதும் மிஞ்சுவதற்கு உப்பைக் கரைக்கும் வலு இல்லை. தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

பயோ என்சைம் பற்றி...

வெல்லம் 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய இந்தக் கணக்கு, நம் மொட்டைமாடிகள் வரை வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து வடிகட்டும் திரவம் கிட்டத்தட்ட ஒரு மிதமான பழ வினிகர். தரை துடைக்க, சிங்க் கழுவ நல்லது. குப்பைக்குப் போகும் தோலும் குறைகிறது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெடிக்கும்.

அதே நேரம், இது கிருமிநாசினி அல்ல. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்கு இதை நம்பாதீர்கள். ஏரியில் ஊற்றினால் ஏரி சுத்தமாகும் என்பதும் சரியல்ல. அந்தச் சாற்றிலுள்ள சர்க்கரையையும் அமிலத்தையும் சிதைக்க, நீரில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் செலவாகும். கொரட்டூர் ஏரிக்காக மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, அதில் கலக்கும் கழிவுநீரை நிறுத்தத்தான். கழிவை நிறுத்துவதற்கு பாட்டிலில் மாற்று இல்லை.

பட்டுக்கு மட்டும் வேண்டாம்

வாஷிங் பவுடர் பாக்கெட்டில் 'என்சைம்' என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் நொதித்தல் தொட்டியில் பாக்டீரியா தருவதுதான். சாம்பார், பால், ரத்தக் கறைகளிலுள்ள புரதத்தையும் மாவுச்சத்தையும் அது வெட்டுகிறது. கொதிக்கும் நீரில் செயலிழந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் போதும். பட்டும் கம்பளியும் புரதத்தால் ஆனவை என்பதால், கல்யாணப் பட்டை இதில் நனைக்க வேண்டாம். மஞ்சள் கறைக்கு? சோப்பு போட்டு அலசி, வெயிலில் காயவையுங்கள். மஞ்சளை வெளுப்பதில் சூரியனை மிஞ்ச ஆளில்லை.

ரத்தப் பையிலும் இதே புளிப்பு

ஜாம், குளிர்பான லேபிளில் '330' என்ற எண் இருந்தால் அது சிட்ரிக் அமிலம். தண்ணீரில் போட்டதும் பொங்கும் மாத்திரைகளில் சோடாவோடு சேர்ந்து நுரைப்பதும் இதுவே. குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட் உப்பு இருக்கிறது.

ரத்ததான முகாமுக்குப் போயிருக்கிறீர்களா? அந்தப் பையில் முன்கூட்டியே கொஞ்சம் திரவம் இருக்கும். அதில் இருப்பதும் சிட்ரேட்தான். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் இருக்கிறது. 1914-ல் இது தெரியவந்த பிறகுதான், கொடுப்பவரும் பெறுபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய கட்டாயம் நீங்கி, ரத்தத்தைச் சேமித்துவைக்க முடிந்தது. உங்கள் குழாய்த் திட்டில் நடப்பதும் அதே கால்சியப் பிடிதான்.

கடைசியாக ஒன்று...

ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடர்ந்த வழக்கில், சில்லறையில் ஆசிட் விற்பதற்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் கடும் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. அப்படிப்பட்ட ஒரு பொருள், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், லேபிள்கூட இல்லாமல், குழந்தைகள் நடமாடும் வீட்டில் பாத்ரூம் மூலையில் இருக்க வேண்டுமா?

பல வருடம் ஊறிக் கெட்டியான உப்பு ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஒருமுறை சுத்தமாகிவிட்டால், மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த அரை மணி நேர வேலையை அம்மாவிடமே விடாமல், வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நெடி இல்லை, இருமல் இல்லை. சாக்குச் சொல்லவும் வழியில்லை!